கருந்துளை

ஒளியைக்கூட வெளியே விடாத அளவுக்கு ஈர்ப்பு மிகுந்த விண்பொருளுக்குக் கருந்துளை என்று பெயர். ஆங்கிலத்தில் 'பிளாக் ஹோல்'. கருமை + துளை: 'மை' ஈறு கெட்டு, இனவெழுத்தாகிய 'ந்' மிகுந்து, கருந்தேள் போலவே புணர்ந்த பண்புத்தொகை.

ஆங்கிலப் பெயர் செய்தித்தாள்காரர்கள் வழியாகத்தான் வெளியே வந்தது. 1964 ஜனவரியில் 'சயின்ஸ் நியூஸ் லெட்டர்' இதழில் ஆன் யூயிங் எழுதிய செய்தி, அச்சில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. இயற்பியலாளர் ஜான் வீலர் 1967 கடைசியில் ஓர் உரையில் பயன்படுத்திய பிறகே பெயர் பரவியது. அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1967 ஜனவரி 26 அன்று ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கதையில், விண்கலம் ஒன்று பேரீர்ப்பில் சிக்கி 1960களுக்குத் தூக்கி எறியப்படுகிறது. அங்கே அதன் பெயர் 'பிளாக் ஸ்டார்', கரு விண்மீன். பெயர் நிலைபெறும் முன்பே கருத்து தொலைக்காட்சிக்குப் போய்விட்டது!

அந்தக் கருத்தின் வேரில் காவிரிக்கரைக் குடும்பம் ஒன்று இருப்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். திருவானைக்காவில் பிறந்த சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குறுமீனின் நிறை, சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கைத் தாண்டினால் அதன் எடையை அதுவே தாங்காமல் மேலும் ஒடுங்கும் என்று பின்னர் உறுதிப்பட்டது. கருந்துளைக் கருத்துக்கு வழி திறந்தது இந்த ஒடுக்கம்தான். 1983இல் நோபல் பரிசு வந்தது.

இனி, 'துளை'. ஆங்கிலத்தின் 'ஹோல்' துளை, குழி இரண்டுக்கும் பொது. தமிழில் துளை வேறு, குழி வேறு. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரத்துக்குப் போடுவது துளை. விரலை எடுத்தால் காற்று அதன் வழியே வெளியேறும். தென்னங்கன்று நடத் தோண்டுவது குழி. அதற்கு அடி உண்டு, மறுபக்கம் இல்லை. தொடர்கள் பார்த்து வளர்ந்த டெல்டாப் பிள்ளைகள் "கருந்துளைக்குள்ள போனா எங்க சார் வெளிய வருவோம்?" என்று கேட்பது இந்தக் குழப்பத்தால்தான். அது திறப்பே இல்லை, நெருக்கி அடைக்கப்பட்ட நிறை. சூரியன் கருந்துளையாக வேண்டுமானால் சுமார் 3 கி.மீ. ஆரத்துக்குள் ஒடுங்கவேண்டும். எல்லையைத் தாண்டி உள்ளே போனது திரும்பாது; அந்த எல்லைக்கு நிகழ்வெல்லை என்று பெயர்.

கருங்குழி என்றிருந்தால் பொருள் இன்னும் நெருங்கியிருக்கும். ஆனால் கருங்குழி என்றால் நமக்கு வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊர். கருந்துளை பாடநூலிலும் செய்தியிலும் ஊன்றிவிட்டது, அதுவே இருக்கட்டும்.

ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளிவருவதற்கு வேறு சொல் இருக்கிறது: புழுத்துளை. ஐன்ஸ்டைனும் ரோசனும் 1935இல் கணக்கில் கண்ட பாலம் அது; 'வோர்ம்ஹோல்' என்ற பெயர் 1957இல் வீலர் வைத்தது. இதுவரை வானில் ஒன்றும் காணப்படவில்லை. தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவோர், கலம் மறுபக்கம் வெளிவந்தால் புழுத்துளை என்றும், வராவிட்டால் கருந்துளை என்றும் எழுதவேண்டும்.