ஐந்தாவது சுற்றில் அந்தச் சீட்டு கைக்கு வருமா?

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக் கல்லூரிக்கு தினமும் பஸ்ஸில் போய்வரும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, ஹார்த்ஸ்டோன் என்ற இணையச் சீட்டு விளையாட்டில் புதிதாக வந்த ஒரு சீட்டை நம்பி என் சீட்டுக்கட்டையே மாற்றி அமைத்தேன். ஐந்தாவது சுற்றில் அது கையில் இருந்தால் ஆட்டம் என் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் பாதி ஆட்டங்களில் அது தலைகாட்டுவதே இல்லை. சர்வர் வேண்டுமென்றே ஒளித்து வைக்கிறதா?"

இல்லை தம்பி. பாதி ஆட்டங்களில் வராமல் இருந்தால்தான் சர்வர் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்று பொருள். எப்போதும் வந்துகொண்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக. ரம்மியில் எல்லோரும் பொதுவான சீட்டுகளிலிருந்து எடுக்கிறோம். இங்கே ஆளுக்கொரு கட்டு. எந்தெந்தச் சீட்டு அதில் இருக்க வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே நாமே தீர்மானித்துக்கொண்டு வருகிறோம். 1993-ல் மேஜிக் தி கேதரிங் என்ற அட்டை விளையாட்டின் மூலம் இந்த வகையைத் தொடங்கி வைத்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதில் வியப்பில்லை. பிளிசார்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட ஹார்த்ஸ்டோனில் வழக்கமான கட்டுக்கு 30 சீட்டுகள். ஒரே சீட்டில் இரண்டு பிரதிகள் வரை வைக்கலாம். 'லெஜண்டரி' வகையென்றால் ஒன்றுதான். முதலில் ஆடுபவருக்குத் தொடக்கத்தில் 3 சீட்டுகள், அடுத்தவருக்கு 4. பிறகு சுற்றுக்கு ஒன்று. சீட்டை இறக்கத் தேவையான 'மானா' முதல் சுற்றில் 1, இரண்டாவதில் 2 என்று 10 வரை ஏறும். மாணவரின் புதிய சீட்டின் விலை 5 மானா. ஆகவே ஐந்தாவது சுற்று.

கலைத்து முடித்த கட்டை 30 இடங்கள் கொண்ட ஒரு வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ஆடுபவர் ஐந்தாவது சுற்றுக்குள் முதல் 8 இடங்களைப் பார்த்திருப்பார்: தொடக்கத்தில் 3, சுற்றுக்கு ஒன்றாக 5. புதிய சீட்டின் இரண்டு பிரதிகளும் எங்கோ இரண்டு இடங்களில் இருக்கின்றன. அது 'வரும்' வகைகளை எண்ணப் புகுந்தால் குழப்பம்தான்: முதல் பிரதி மட்டும் வரலாம், இரண்டாவது மட்டும் வரலாம், இரண்டுமே வரலாம். வராத வகையோ ஒன்றே ஒன்று. இரண்டும் கடைசி 22 இடங்களில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். 30 இடங்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 435. அந்த 22-க்குள் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 231. 231-ஐ 435-ஆல் வகுத்தால் 53 விழுக்காடு. இத்தனை ஆட்டங்களில் அது வராது. வருவது 47 விழுக்காட்டில்தான்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்மானக் கணக்குதான் இது. ஆனால் வராததை எண்ணும் இந்தத் தந்திரம் கையில் இருந்தால், கட்டு அமைப்பதில் எழும் பெரும்பாலான கேள்விகளுக்கு ஒரு தாள் போதும். ஒரே ஒரு பிரதி வைத்தால் ஐந்தாவது சுற்றுக்குள் அது வரும் வாய்ப்பு 26.7 விழுக்காடு. இரண்டாவது பிரதி அதை 46.9 ஆக்குகிறது. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் வேறொரு சீட்டை மூன்றாவதாகச் சேர்த்தால் 62.1. நான்காவது 73.3. முதல் பிரதி 26.7 புள்ளி தந்தது, அடுத்தது 20.2, பிறகு 15.2, பிறகு 11.2. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவாகவே தருகிறது, ஆனால் கட்டில் ஓர் இடத்தை முழுதாகவே பிடித்துக்கொள்கிறது. புதிய சீட்டுக்குத் துணையாக எத்தனை சீட்டைச் சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்ற வாதம் முழுவதும் இந்தச் சரிவில்தான் நடக்கிறது. கூடுதலாக ஒரு சீட்டு எடுக்க உதவும் மலிவான சீட்டை இறக்கினால் 8 இடங்கள் 9 ஆகும்; 46.9 விழுக்காடு 51.7 ஆகும். இதை அற்பம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள் என்பது என் கருத்து.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்குமுன் கைக்கு வந்த மூன்றையும் காட்டி, "வேண்டாதவற்றைத் திருப்பிக் கொடுக்கலாம்" என்கிறது விளையாட்டு. இதற்கு முல்லிகன் என்று பெயர். பலர் இதை ஒரு மன்னிப்பு போல நினைத்து அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. ஹார்த்ஸ்டோனில் நீங்கள் திருப்பிக் கொடுத்த சீட்டுகள் உடனே கட்டுக்குள் போவதில்லை. முதலில் ஓரமாக ஒதுக்கப்படுகின்றன. மீதமிருக்கும் 27-லிருந்து புதிய சீட்டுகள் தரப்படுகின்றன. அதற்குப் பிறகுதான் ஒதுக்கியவை கட்டுக்குள் கலக்கப்படுகின்றன. ஆகவே மூன்றையும் திருப்பிக் கொடுத்தவர் கையில் இருப்பது மூன்று சீட்டுதான் என்றாலும், அவர் கட்டில் ஆறு வெவ்வேறு இடங்களைப் பார்த்துவிட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திருப்பிக் கொடுக்காவிட்டால் தொடக்கக் கையில் புதிய சீட்டு இருக்கும் வாய்ப்பு 19.3 விழுக்காடு. அது இல்லாத கையில் எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று மூன்றையும் ஒருமுறை திருப்பினால் 36.6. ஏறக்குறைய இரட்டிப்பு! ஐந்தாவது சுற்றுக்குள் வரும் வாய்ப்பும் 46.9-லிருந்து 58.2-க்கு ஏறுகிறது. புதிய சீட்டின் மூன்றாவது பிரதியை அனுமதித்திருந்தால் கிடைத்திருக்கும் 62.1-க்கு இது அருகில் வந்துவிடுகிறது. அதற்காகக் கட்டில் ஓர் இடம்கூடச் செலவாகவில்லை. திருப்பியவற்றை முதலிலேயே கலந்துவிட்டுப் புதியவற்றைத் தந்திருந்தால் அந்த 36.6 வெறும் 34.9 ஆக இருந்திருக்கும். அந்த 1.7 புள்ளி, ஒதுக்கி வைத்தல் என்ற ஒரே விதியிலிருந்து பிறக்கிறது. இதை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

விலை இல்லாமல் இல்லை. மூன்றையும் திருப்புகிறவர், முதல் இரண்டு சுற்றுகளில் உதவியிருக்கக்கூடிய மலிவான சீட்டுகளையும் சேர்த்துத்தான் திருப்புகிறார். ஐந்தாவது சுற்றுக்குள் தோற்றுவிட்டால் புதிய சீட்டு வந்து என்ன பயன்? அதனால் அனுபவசாலிகள் எதிராளியின் வேகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இந்த இடத்தில் கணக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு சீட்டுகள் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்ற ஏற்பாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய சீட்டு வெளியானதும் இளைஞர்கள் முதலில் ஓடுவது இதற்குத்தான். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் வைத்தால், இரண்டும் ஐந்தாவது சுற்றுக்குள் கையில் இருக்க என்ன வாய்ப்பு? 47-ஐ 47-ஆல் பெருக்கி 22 விழுக்காடு என்பார்கள். உண்மை 20.5. ஒரு சீட்டு முதல் எட்டு இடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், மற்றதற்கு அங்கே அந்த அளவுக்கு இடம் குறைகிறது. ஒன்றின் வரவு மற்றதன் வரவைச் சற்றே தடுக்கிறது. கட்டின் பாதியை, அதாவது 15 சீட்டுகளை, எடுத்து முடித்த பின்னும் இரண்டும் சேர்ந்திருக்கும் வாய்ப்பு 57 விழுக்காடுதான். மூன்று சீட்டுகள் கூடினால்தான் மாயம் நிகழும் என்று கட்டு அமைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

சர்வரின் நேர்மைக்கு வருவோம். சீட்டைச் சரியாகக் கலைப்பது கணினிக்கு எளிது. தவறாகக் கலைப்பது அதைவிட எளிது. மூன்று சீட்டுகள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் நின்று, மூன்றில் ஏதாவது ஓர் இடத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து இடம் மாற்றினால் என்ன? மொத்தப் பாதைகள் 3×3×3, அதாவது 27. மூன்று சீட்டுகளை அடுக்கும் வகைகளோ 6. 27-ஐ 6-ஆல் மீதியின்றி வகுக்க முடியாது. எனவே சில வரிசைகள் மற்றவற்றைவிட அதிகம் வந்தே தீரும். கடைசி இடத்தில் தொடங்கி, இன்னும் தீர்மானிக்கப்படாத இடங்களுக்குள் மட்டும் தேர்ந்தெடுத்தால் பாதைகள் 3×2×1 ஆகி, ஒவ்வொரு வரிசைக்கும் சரியாக ஒரு பாதை அமைகிறது. ஃபிஷர்–யேட்ஸ் முறை என்று இதைச் சொல்கிறோம். 1999-ல் இணையப் போக்கர் மென்பொருள் ஒன்றை ஆராய்ந்த பாதுகாப்பு வல்லுநர்கள், அதில் கலைக்கும் முறையே பிழையாக இருந்ததைக் கண்டார்கள். அதைவிட மோசமாக, கலைப்பைத் தீர்மானிக்கும் தற்செயல் எண்களின் தொடக்கப் புள்ளி நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவிநாடிகளைப் பொறுத்து இருந்தது. ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லிவிநாடிகள்தான். 52 சீட்டுகளை அடுக்கும் வகைகளின் எண்ணிக்கையோ 68 இலக்கம் நீளம்.

அப்படிப்பட்ட கோளாறு உண்டா என்று சோதிக்கப் பல்லாயிரம் ஆட்டங்கள் தேவை. நான்கு ஆட்டங்களில் தொடர்ந்து சீட்டு வரவில்லை என்பது அதற்குச் சான்றாகாது. எதையும் திருப்பிக் கொடுக்காமல் ஆடுபவருக்கு, எடுத்துக்கொண்ட எந்த நான்கு ஆட்டங்களிலும் அப்படி நடக்கும் வாய்ப்பு 8 விழுக்காடு. மழைக்கால விடுமுறை ஒன்றில் பலமுறை சந்திக்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பையன் ராகுகாலம் கழிந்த பிறகே புதிய சீட்டுப் பொட்டலத்தைத் திறக்கிறான். பி.எஸ்சி. கணிதம் படிக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நிகழ்தகவை மதிப்பெண்ணுக்காக மட்டுமே சொல்லிக்கொடுத்தால் மீதியை ராகு பார்த்துக்கொள்வார்.

அடுத்த கேள்வி இன்னும் சுவையானது: புதிய சீட்டு உண்மையிலேயே நல்லதுதானா? "20 ஆட்டங்களில் 12 வென்றேன்" என்று எழுதியிருக்கிறார் மாணவர். நாணயத்தைச் சுண்டி ஆடினாலும் 20-ல் 12 அல்லது அதற்கு மேல் வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்று. n ஆட்டங்களில் தற்செயலின் தள்ளாட்டம் √n-இன் பாதி அளவு. 100 ஆட்டங்களில் 5 வெற்றி கூடக்குறைய இருக்கும். நல்ல சீட்டு ஒன்று வெற்றி விகிதத்தை 50-லிருந்து 52 ஆக உயர்த்துகிறது என்றால், 2,500 ஆட்டங்கள் ஆடினால்தான் அந்த உயர்வு தள்ளாட்டத்தைப் போல் இரு மடங்காகத் தெரியும்.

இதே √n விதியை நம்பித்தான் ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் வானத்தைப் படிக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இந்த ஆய்வகத்தில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் நுண்துகள்தான் மியூவான். நாள் ஒன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகிறது. நிமிடத்துக்கு 28 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இங்கே தள்ளாட்டம் பாதியல்ல, முழு √n; அத்தனை பெரிய எண்ணிக்கையில் அது 0.06 விழுக்காடுதான். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியின் மேல் திரண்ட இடிமேகம் மியூவான் வரத்தை ஏறக்குறைய 2 விழுக்காடு குறைத்தது. அந்தச் சரிவு சில நிமிடங்களிலேயே ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அதிலிருந்து மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணித்து 2019-ல் வெளியிட்டார்கள். அதே 2 விழுக்காடுதான்! மாணவருக்குப் பல மாதங்கள் பிடிக்கும். அவர்களுக்குச் சில நிமிடம். வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது. வருடக்கணக்காக ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும் இத்தகைய கூடங்களுக்குப் பணம் ஒதுக்கும்போது "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. இடையில் நிறுத்தினால் n குறைகிறது, கண்ணுக்கு எட்ட வேண்டியது எட்டாமல் போகிறது. இதைவிட எளிதாக எப்படி விளக்குவது?

தனி ஆளால் 2,500 ஆட்டங்கள் ஆட முடியாது என்பதால், லட்சக்கணக்கான ஆட்டங்களைத் திரட்டும் புள்ளிவிவரங்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. "இந்தச் சீட்டை இறக்கிய ஆட்டங்களில் வெற்றி இத்தனை விழுக்காடு" என்ற எண்ணை நம்பாதீர்கள். 9 மானா விலையுள்ள சீட்டை இறக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒன்பதாவது சுற்றுவரை உயிரோடு இருக்க வேண்டும். சீக்கிரம் தோற்ற ஆட்டங்கள் அந்தக் கணக்கில் சேரவே சேராது. சீட்டு சாதாரணமானதாக இருந்தாலும் எண் பிரமாதமாக இருக்கும். அபாயத்தில் இருக்கும்போது மட்டும் இறக்கும் காப்புச் சீட்டுக்கு இதற்கு நேர்மாறு: ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டே கெட்ட பெயர் வாங்கும். ஊட்டி பஸ் போகும் வழியில் கட்டபெட்டு வளைவில் சிக்னல் போய்த் தோற்ற ஆட்டமும் ஏதோ ஒரு சீட்டின் கணக்கில்தான் ஏறும்.

ஓரளவு தூய்மையான அளவுகோல் ஒன்று உண்டு. திருப்பிக் கொடுப்பதற்கு முன், விளையாட்டு முதன்முதலில் காட்டும் மூன்று சீட்டுகளுக்குள் புதியது இருந்ததா இல்லையா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தில் உங்கள் விருப்பமும் திறமையும் இன்னும் தலையிடவில்லை. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று மருத்துவ ஆய்வில் குலுக்கிப் பிரிப்பதைப் போல, கலைப்பே உங்கள் ஆட்டங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. இரண்டு கூட்டங்களின் வெற்றி விகிதத்தையும் ஒப்பிடலாம். 1, 2, 3 மானா சீட்டுகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். 5 மானா சீட்டை முதலிலேயே கண்டாலும் சிலர் திருப்பிவிடுவார்கள் என்பதால் வேறுபாடு சற்று மங்கும். நீங்கள் முதல் ஆளாக ஆடும் 100 ஆட்டங்களில் 19-ஐ ஒட்டித்தான் அந்தக் கூட்டத்தில் விழும் என்பதையும் மறந்துவிடாமல், தம்பி, நோட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள்.