நத்தையைப் பொறுக்கினால் மட்டும் போதாது

மழை விட்ட இரவில் டார்ச்சும் வாளியுமாகத் தோட்டத்தில் இறங்கி, ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளை அள்ளிக் கொட்டுவார்கள். மூன்று வாரத்தில் பார்த்தால் பப்பாளிக் கன்றில் மறுபடியும் சுண்டைக்காய் அளவுக் குஞ்சுகள். அள்ளியதெல்லாம் தாய் நத்தை. முட்டை மண்ணிலேயே கிடந்திருக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்க நத்தை இது. 1847-இல் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் பென்சன் என்ற நத்தை ஆர்வலர். ஒவ்வொரு நத்தைக்கும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஒருமுறை இணைந்தால் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு பலமுறை முட்டையிடும். ஒரு ஈட்டுக்குச் சுமார் 200. வெளிர்மஞ்சள் நிறம், 4-5 மி.மீ. அளவு. ஈரமான பொலபொல மண்ணில், தொட்டி அடியில், மட்கிய சருகுக்குள் குவியலாக இருக்கும். இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும்.

ஆகவே பொறுக்கும் வேலையும் முட்டை தேடும் வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும். வெயில் காலத்தில் மண்ணுக்குள் புதைந்து, ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும் நத்தை, முதல் மழைக்கு வெளியே வரும். முட்டையிடும் முன் பிடிக்க அதுதான் நேரம். மாலையில் நனைத்த சாக்கைத் தரையில் போட்டு, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் தழையோ வையுங்கள். விடிவதற்குள் அங்கே வந்து ஒண்டியிருக்கும். வெயில் ஏறிய பிறகு போனால் பாதி போயிருக்கும். பிறகு விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, தொட்டி அடி என்று ஒவ்வொன்றாகப் புரட்டி, மேல்மண்ணைச் சில அங்குலம் கிளறி முட்டைகளை எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முழுக்க.

வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் நுரையீரல் புழுவை இந்த நத்தை சுமக்கிறது; அது மனிதருக்குள் போனால் மூளையுறை அழற்சி வரலாம். கடும் தலைவலி, கழுத்து இறுக்கம் வந்தால் நத்தையைத் தொட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நத்தை ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்தே சாப்பிடுங்கள்.

பிடித்ததை வாளியில் அடர்த்தியான உப்புக் கரைசலில் போட்டு, செத்ததும் ஆழமாகப் புதைக்கலாம். கல் உப்பைத் தோட்டத்திலேயே தூவுவதுதான் பலரும் செய்வது. நத்தை சாகும், மண்ணும் கெடும். புகையிலைக் கஷாயமும் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) கலந்த தெளிப்பு கேரளத்தில் பரவலாகப் பயன்படுகிறது: 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் நீரில் ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சி, ஒரு லிட்டர் நீரில் கரைத்த 60 கிராம் துத்தத்துடன் கலந்து வடிகட்ட வேண்டும். துத்தம் மீனுக்கு நஞ்சு. குளம், கிணறு, வாய்க்கால் பக்கம் வேண்டாம். மெட்டால்டிஹைடு என்ற நத்தைக்கொல்லிக் குருணை நாயையும் மாட்டையும் கொல்லும். வளர்ப்புப் பிராணி உள்ள வீட்டில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இன்னொரு ஆசையும் அவ்வப்போது தலைதூக்கும்: நத்தையைத் தின்னும் நத்தையை விட்டால் என்ன? ஹவாயில் 1955-இல் விட்டார்கள், பசிபிக் கடலின் மூரேயா தீவில் 1977-இல் விட்டார்கள். ராட்சத நத்தை ஒழியவில்லை. மூரேயாவின் சொந்த பார்ட்யூலா நத்தைகள்தான் பத்தாண்டுகளில் காட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்தன.

நம் காட்டு நத்தைகளையும் இதே கூடையில் போட்டுவிடுகிறோம். ராட்சத நத்தையின் ஓடு நீளமான கூம்பு, பழுப்பு வரிகள் மேலிருந்து கீழாக ஓடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சிவப்பு உடல் நத்தை போன்றவற்றுக்கு உருண்டை, மெல்லிய ஓடு; அவற்றை விட்டுவிடுங்கள்.

புது இடத்துக்கு இது பெரும்பாலும் நம் வண்டியிலேதான் போகிறது: நாற்றுப்பண்ணைத் தொட்டி, செம்மண், மரக்கட்டை, பழைய செங்கல். வாங்கிய செடியை மற்றவற்றோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே வைத்து, தொட்டியின் அடித்துளையையும் மேல்மண்ணையும் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரின் அடியில் சுரண்டிய தடம் இருந்தால், ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேடி இரவில் நத்தை வந்துபோகிறது என்று அர்த்தம். சாக்கை அங்கேயே போடுங்கள்.