பார்சல் கதவைத் தொடும் வரை

பிற்பகல் மூன்று மணி. தோளில் பெரிய பையோடு ஒருவர் தெருமுனையில் நின்று ஃபோனைக் காதில் வைத்திருக்கிறார். பார்சலில் ஒட்டியிருக்கும் விலாசம் இப்படி இருக்கிறது: பச்சை கேட் வீடு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அந்தத் தெருவில் பச்சை கேட் மூன்று. முதல் இரண்டு அழைப்பையும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதில் ஒரு குரல், "சாயங்காலம் வாங்க" என்கிறது. சாயங்காலம் போனால், "இல்லைங்க, வேண்டாம். நேத்தே வேற இடத்துல வாங்கிட்டோம்." அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்த பார்சல் அதே அறுநூறு கிலோமீட்டரும் திரும்பிப் போகிறது.

ஆர்டர் விழுந்த அன்றே ஷாப்பிங் ஆப் இதை விற்பனைக் கணக்கில் சேர்த்துக் காட்டியிருக்கும். உண்மையில் விற்பனை நடக்கவே இல்லை. ஆர்டருக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் வளரும் நாடுகளின் ஆன்லைன் வணிகப் போட்டி நடக்கிறது. யாருடைய ஆப் அழகு, யாரிடம் படங்கள் அதிகம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

அமேசான் 1994-ல் தொடங்கப்பட்டபோது அமெரிக்காவில் என்னென்ன ஏற்கெனவே இருந்தன என்று பாருங்கள். மக்கள் பையில் கிரெடிட் கார்டு இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் எண் இருந்தது, அஞ்சல் குறியீடு 1963 முதலே புழக்கத்தில் இருந்தது. பார்சல் கொண்டுபோக யூபிஎஸ் மாதிரியான நிறுவனம் 1907-லிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. பணம், விலாசம், வண்டி ஆகிய மூன்றையும் அடுத்தவர்கள் போட்டு வைத்திருந்தார்கள். அமேசான் அதன்மேல் கடை கட்டினால் போதும். வளரும் நாட்டில் கடை கட்ட வருபவர் ரோட்டையும் சேர்த்தே போட வேண்டியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் வந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களில் பெரிய பெயர்கள் உண்டு.

முதலில் சீனாவைப் பார்க்கலாம். ஷாங்காயைச் சேர்ந்த ஈச்நெட் நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கை 2002-ல் 3 கோடி டாலருக்கு வாங்கிய அமெரிக்க ஆன்லைன் சந்தை ஈபே, அடுத்த ஆண்டே மீதியையும் சுமார் 15 கோடி டாலருக்கு வாங்கியது. சந்தையின் பெரும்பகுதி அப்போது அதன் கையில். அதே 2003-ல் சீன நிறுவனமான அலிபாபா, தாவோபாவோ என்ற தளத்தைத் தொடங்கியது. விற்பவர்களிடம் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. எல்லாரும் சொல்லும் காரணம் இந்த இலவசம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறு.

வாங்குபவரும் விற்பவரும் முன்பின் தெரியாதவர்கள். பணத்தை முதலில் அனுப்பினால் பொருள் வருமா என்பது ஒருவர் பயம். பொருளை முதலில் அனுப்பினால் பணம் வருமா என்பது மற்றவர் பயம். ஏமாற்றினால் கேட்க ஆளில்லாத இடத்தில் இந்த இரண்டு பயமும் நியாயமானவை. தாவோபாவோ நடுவில் ஒரு பெட்டியை வைத்தது. வாங்குபவர் பணத்தை அந்தப் பெட்டியில் போடுவார். விற்பவர் பொருளை அனுப்புவார். பொருள் கைக்கு வந்து, சரியாக இருக்கிறது என்று வாங்கியவர் சொன்ன பிறகுதான் பெட்டி திறக்கும். அலிபே பிறந்தது இப்படித்தான். 2003 அக்டோபரில் நடந்த அதன் முதல் பரிவர்த்தனை ஒரு பழைய ஃபியூஜி கேமரா. ஜப்பானில் இருந்த ஒருவர் விற்க, சீன நகரமான ஷியானில் ஒரு மாணவர் வாங்கினார். கடல் தாண்டி இருக்கும் முகம் தெரியாத ஆளை நம்பி ஒரு மாணவர் பணம் கட்டினார் என்றால், அந்தப் பெட்டி என்ன வேலை செய்தது என்று புரியும்.

தாவோபாவோ இன்னொன்றும் செய்தது. வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஒரு சாட் வசதியைக் கொடுத்தது. பேரம் பேசலாம், அளவு கேட்கலாம், ஆள் எப்படிப்பட்டவர் என்று நாடி பிடிக்கலாம். கமிஷனை நம்பி நடந்த ஈபேயால் இதைத் தாராளமாக அனுமதிக்க முடியவில்லை. இருவரும் பேசிப் பழகிவிட்டால் வெளியே போய் வியாபாரத்தை முடித்துக்கொள்வார்கள் என்ற கவலை அதற்கு. போதாக்குறைக்கு 2004-ல் சீனத் தளத்தைத் தன் உலகளாவிய அமைப்போடு இணைத்தது, தளம் மந்தமானது. 2006 முடிவில் ஈபே தன் சீனத் தளத்தை மூடிவிட்டு, ஒரு உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டு வைத்துக்கொண்டு ஒதுங்கியது.

அதே ஈபே லத்தீன் அமெரிக்காவில் வேறு வழியில் போனது. 1999-ல் அர்ஜென்டினாவில் தொடங்கிய ஆன்லைன் சந்தையான மெர்காடோ லிப்ரேயோடு மோதாமல், 2001-ல் தன் பிரேசில் தளத்தைக் கொடுத்து அந்த நிறுவனத்தில் 19.5 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. மெர்காடோ லிப்ரேயும் 2003-ல் தனக்கென்று மெர்காடோ பாகோ என்ற பணப்பெட்டியைச் செய்துகொண்டது. பூமியின் இரண்டு எதிர்முனைகளில், ஒரே ஆண்டில், ஒரே ஓட்டைக்கு ஒரே மாதிரி ஒட்டு.

எல்லா இடத்திலும் இந்த ஒட்டுப் போட முடியாது. பெட்டியில் பணம் போட வங்கிக் கணக்கோ கார்டோ வேண்டும். இந்தியாவில் ஃபிளிப்கார்ட் 2007-ல் தொடங்கியபோது கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. 2009-ல் இணையக் கார்டுப் பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயமானது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்து இணைய வேகத்தில் கட்டணம் பாதியில் அறுந்துபோவது சகஜம். 2010-ல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரி கொண்டுவந்தது. பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். நம்பிக்கைச் சிக்கல் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது, வாங்குபவருக்கு மட்டும். விற்பவர் தலையில் அது இரண்டு மடங்காக ஏறி உட்கார்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை. ஒரு பார்சலை அனுப்ப 40 ரூபாய் செலவு, அது திரும்பி வந்தால் இன்னொரு 40. நூறு பார்சல் அனுப்புகிறோம். எல்லாரும் முன்பணம் கட்டியவர்கள், ஐந்து மட்டும் திரும்புகிறது என்றால் மொத்தச் செலவு 4,200. கையில் சேர்ந்த 95 பார்சலுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 44. இப்போது கேஷ் ஆன் டெலிவரி, இருபத்தைந்து திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 5,000, சேர்ந்தவை 75. ஒன்றுக்கு 67 ஆகிறது. பொருளின் விலையும் மாறவில்லை, தூரமும் மாறவில்லை. மனம் மாறியவர்களின் செலவை மாறாதவர்கள் தலையில் சுமத்தியாக வேண்டும், அல்லது கடை தன் பையிலிருந்து போட வேண்டும்.

இதோடு முடியவில்லை. திரும்பும் பொருள் வழியிலேயே பல நாள் கிடக்கும், அந்த நாட்களில் அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. வந்து சேரும்போது பெட்டி நசுங்கியிருக்கலாம். வசூலான பணம் டெலிவரி செய்பவர் பையில், கிளை அலுவலகத்தில், வங்கியில் என்று ஊர்ந்துதான் விற்பவரிடம் வரும். இந்திய கூரியர்காரர்கள் திரும்பும் பார்சலுக்கு ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின், அனுப்பிய இடத்துக்கே திரும்புவது) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் விற்கும் சிறு வியாபாரி யாரிடமாவது அந்த மூன்று எழுத்தைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

பணத்துக்கு நடுவழிகளும் உண்டு. பிரேசிலில் பொலேட்டோ என்ற சீட்டை அச்சடித்து வங்கியிலோ லாட்டரிக் கடையிலோ பணமாகக் கட்டலாம். மெக்சிகோவில் தெருவுக்குத் தெரு இருக்கும் ஆக்ஸோ கடைகளில் கட்டலாம். கார்டு இல்லாதவரும் முன்பணம் கட்ட முடிகிறது, கதவில் மனம் மாறும் தொல்லை குறைகிறது.

சரி, இவ்வளவு நஷ்டம் தெரிந்தும் கடைகள் ஏன் தள்ளுபடியை அள்ளி வீசின? முதலீட்டாளர் பணம், கண்மூடித்தனம் என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் அதுவும் உண்மைதான். அதற்கு அடியில் ஒரு இயக்கவியல் இருக்கிறது, பெயர் அடர்த்தி.

டெலிவரி செய்பவரின் ஒரு நாள் கூலி, வண்டி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் சுற்றும் பகுதியில் அன்று முப்பது பார்சல் இருந்தால் ஒன்றுக்கு 40 விழும். அதே பகுதியில் எண்பது ஆர்டர் வந்தால்? வீடுகள் பக்கம் பக்கமாக இருப்பதால் எண்பதையும் அதே நாளில் கொடுத்துவிட முடியும். ஒன்றுக்கு 15. நாடு முழுக்க எத்தனை ஆர்டர் என்பதைவிட ஒரே தெருவில் எத்தனை என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. தள்ளுபடி கொடுப்பவர் உண்மையில் வாங்குவது இந்தத் தெருக்களை. இன்று 25 நஷ்டப்பட்டு அந்தத் தெருவை நிரப்பிவிட்டால், நாளைக்கு டெலிவரியிலேயே அந்த 25 மிச்சமாகும் என்பது கணக்கு. பக்கத்துப் போட்டியாளரும் இதே கணக்கைப் போட்டு இதே தெருவில் தள்ளுபடி கொடுப்பதுதான் சிக்கல். ஆர்டர்கள் இரண்டாகப் பிரிகின்றன, அடர்த்தி இருவருக்கும் கிடைப்பதில்லை, நஷ்டம் மட்டும் இருவருக்கும் கிடைக்கிறது.

சீனாவின் இன்னொரு ஆன்லைன் கடையான ஜேடி 2007-லேயே சொந்தக் கிடங்கு, சொந்த டெலிவரி என்று இறங்கியது இதனால்தான். அன்றைக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. 2010-ல் காலை 11 மணிக்குள் ஆர்டர் செய்தால் அன்றே வரும் என்று பெரிய நகரங்களில் சொல்ல முடிந்தது. நல்ல வேகத்துக்கு இன்னொரு பயனும் உண்டு: மனம் மாற நேரம் இருக்காது. நம் பச்சை கேட் வீட்டுக்காரர் "நேத்தே வேற இடத்துல வாங்கிட்டோம்" என்று சொன்னாரே, பார்சல் முந்தாநாளே வந்திருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

எதிர்ப்பக்கம் ஜுமியா என்ற ஆப்பிரிக்க ஆன்லைன் கடை. 2012-ல் நைஜீரியாவின் லாகோஸில் தொடங்கி, 2019 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானபோது ஆப்பிரிக்காவில் 14 நாடுகளில் இருந்தது. கேட்கப் பிரமாண்டம். ஆனால் அடர்த்தி எல்லை தாண்டிப் போகாது. லாகோஸ் தெருவில் சேர்த்த எண்பது பார்சல் டான்சானியாவின் தார் எஸ் சலாமில் ஒரு பைசா மிச்சப்படுத்தாது. ஒவ்வொரு நாட்டிலும் பணத்தையும் விலாசத்தையும் வண்டியையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கேமரூனையும் டான்சானியாவையும் மூடியது. 2024-ல் தென்னாப்பிரிக்காவும் துனிசியாவும் போயின.

அடர்த்தி வந்த பிறகாவது ஒருவர் முழுசாக ஜெயித்துவிடுவாரா? பாடப்புத்தகம் ஆமாம் என்கிறது. வாங்குபவர் கூடும் இடத்துக்கு விற்பவர் வருவார், விற்பவர் கூடும் இடத்துக்கு வாங்குபவர் வருவார், சுழல் ஒரே பக்கம் இழுக்கும். நடைமுறையில் உங்கள் ஃபோனை எடுத்துப் பாருங்கள், எத்தனை ஷாப்பிங் ஆப்? விற்பவரும் அதேபோல் நாலு இடத்தில் கடை விரித்திருப்பார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒரு விரல் போதும். இந்தத் தாவலைத் தடுக்கத்தான் பெரியவர்கள் முரட்டு வழிகளுக்குப் போகிறார்கள். "எங்களிடம் விற்றால் அங்கே விற்காதே" என்று வியாபாரிகளை நெருக்கியதற்காக 2021 ஏப்ரலில் சீனா அலிபாபாவுக்கு 1,820 கோடி யுவான் அபராதம் போட்டது.

அலிபாபா இப்படிக் கட்டிக்காத்த சந்தைக்குள்தான் 2015-ல் பிண்டுவோடுவோ என்ற ஷாப்பிங் ஆப் நுழைந்தது. சிறு நகரங்களில் இருந்தவர்களுக்கு விலைதான் முக்கியம், பிராண்ட் இல்லை. தனியாக வாங்கினால் ஒரு விலை, சீனாவின் வாட்ஸ்அப் மாதிரியான வீசாட்டில் நண்பரைச் சேர்த்து வாங்கினால் குறைந்த விலை. விளம்பரச் செலவை வாங்குபவரே தன் உறவுக்கும் நட்புக்கும் செய்தி அனுப்பித் தீர்த்துவைத்தார். நம்பிக்கையும் அந்த வழியிலேயே வந்தது, மைத்துனர் சொன்னால் சந்தேகப்படுவோமா? 2018 ஜூலையில், பிறந்து மூன்றே ஆண்டில், நாஸ்டாக்கில் பட்டியலானது. இந்தியாவில் அதே 2015-ல் தொடங்கிய மீஷோவும் வாட்ஸ்அப் வழியே தெரிந்தவர்களுக்கு விற்பவர்களைப் பிடித்துத்தான் வளர்ந்தது.

இந்தோனேசியாவில் கதை இன்னும் ஒரு சுற்று போகிறது. பதினேழாயிரத்துக்கும் மேல் தீவுகள், கப்பல் ஏறாமல் பார்சல் நகராது. 2009-ல் அங்கேயே பிறந்தது டோகோபீடியா என்ற ஆன்லைன் சந்தை. 2015-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஷாப்பி, டெலிவரி இலவசம் என்ற ஒரே மந்திரத்தை விடாமல் சொல்லி அதை எட்டிப் பிடித்தது. பிறகு வீடியோவுக்குள்ளேயே கடை வைத்து டிக்டாக் வந்தது. சமூக ஊடகத்துக்குள் விற்பனை கூடாது என்று 2023 செப்டம்பரில் அரசு தடை விதித்தது, அடுத்த மாதமே டிக்டாக் கடையை மூடியது. டிசம்பரில், டோகோபீடியாவின் 75 சதவீதத்தை வாங்குவதாக அறிவித்து அந்த வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

மூவரும் ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அதே நாட்டில் 2015-ல் தொடங்கிய ஜே அண்ட் டி என்ற கூரியர் நிறுவனம் மூன்று பேருடைய பார்சலையும் சுமந்துகொண்டிருந்தது. ஷாப்பியில் வாங்கியவரும் டோகோபீடியாவில் வாங்கியவரும் டிக்டாக்கில் வாங்கியவரும் ஒரே தெருவில்தானே இருக்கிறார்கள். மூன்று தளங்களும் தனித்தனியாகப் பணத்தை எரித்துத் தேடிய அந்த எண்பது பார்சல், ஒரே ஆளின் பையில் ஒன்றாக இருந்தது.