புயலுக்குப் பிறகு ஊரை எவ்வளவு உயரத்தில் கட்டுவது?

2005ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளி போன பிறகு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலக் கடற்கரையில் எடுத்த படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். சிமெண்ட் படிக்கட்டு ஒன்று தனியாக நிற்கும், ஏறிப் போனால் மேலே வீடு இருக்காது. காற்று மட்டும் அடித்திருந்தால் கூரை போயிருக்கும், சுவர் சாய்ந்திருக்கும், குப்பையாவது அங்கேயே கிடந்திருக்கும். இப்படி வழித்து எடுத்துக்கொண்டு போவது தண்ணீரின் வேலை. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை, காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அது அலையாக வந்து மோதினால் மரச்சுவர் எம்மாத்திரம்?

கடல் ஏன் ஊருக்குள் ஏறுகிறது என்று புரிந்தால்தான் மறுபடி எப்படிக் கட்டுவது என்பதும் புரியும். இதைப் புயல் எழுச்சி என்கிறார்கள். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மட்டம் கொஞ்சம் உயரும், ஒரு மில்லிபாருக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். ஆனால் பெரிய பங்கு காற்றுடையது. அது மணிக்கணக்கில் தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். கடல் ஆழமாக இருந்தால் தள்ளப்பட்ட நீர் அடி வழியாகத் திரும்பிப் போய்விடும். மெக்சிகோ வளைகுடாவின் வடகரை போல வெகுதூரம் ஆழமில்லாத இடத்தில் திரும்பிப் போக வழியில்லை, மேலே ஏறுவதுதான் ஒரே வழி. கத்ரீனாவில் பாஸ் கிறிஸ்டியன் என்ற ஊரில் கடல் சுமார் 28 அடி ஏறியது, அதாவது கிட்டத்தட்ட மூன்று மாடி உயரம். அலைகள் வேறு அதன் மேல் ஏறி வந்தன.

அதனால் புயலடித்த கடற்கரையில் மறுபடி கட்டும்போது முதல் கேள்வி உயரம்தான். எவ்வளவு உயரத்தில் கட்டுவது, அந்த உயரத்துக்கு யார் காசு கொடுப்பது.

இந்தக் கேள்விக்கு ஒரு ஊரே சேர்ந்து பதில் சொன்ன இடம் டெக்சாஸில் உள்ள கால்வெஸ்டன் தீவு. 1900 செப்டம்பர் 8 அன்று வந்த சூறாவளியில் அங்கே குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். ஊரின் மிக உயரமான இடமே 9 அடிக்கும் குறைவு, கடலோ 15 அடிக்கு மேல் வந்தது. பிழைத்தவர்கள் முதலில் 17 அடி உயரத்துக்குக் கடல் சுவர் கட்டினார்கள். சரி, அலை சுவரோடு நிற்கும், சுவரைத் தாண்டி உள்ளே விழும் தண்ணீர் எங்கே வடியும்? அதற்காகச் சுவருக்குப் பின்னால் ஊரின் தரையையே உயர்த்தினார்கள், கடல் பக்கம் மேடாகவும் விரிகுடா பக்கம் சரிவாகவும்.

எப்படி? வீடுகளுக்கு அடியில் வரிசையாகத் திருகு ஜாக்கிகளை வைத்து, ஆட்கள் நின்று எல்லாவற்றையும் ஒரே சீராகக் கையால் திருகுவார்கள். ஒரு மூலை கொஞ்சம் முந்தினாலும் சுவர் விரிசல் விடும். இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தூக்கினார்கள். அதில் 3,000 டன் எடையுள்ள ஒரு தேவாலயத்தை 700 ஜாக்கிகள் வைத்து 5 அடி உயர்த்தினார்கள், உள்ளே வழிபாடு நிற்கவே இல்லை. தூக்கிய பிறகு கடலிலிருந்து மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாக அடியில் பாய்ச்சினார்கள். தண்ணீர் வடிந்துவிடும், மணல் தங்கிவிடும். குடிநீர்க் குழாய், டிராம் தண்டவாளம் எல்லாமே மேலே ஏறின. 1911 வரை அந்த ஊர் மக்கள் வீட்டுக்கு வீடு மரப்பலகைப் பாதைகளில்தான் நடந்தார்கள். மணல் நிரப்பும் செலவைப் பொதுப்பணம் ஏற்றது, அவரவர் வீட்டைத் தூக்கும் செலவு அவரவருடையது. 1915இல் அதே போன்ற ஒரு சூறாவளி வந்தது. சுவருக்குப் பின்னால் இருந்த ஊரில் உயிரிழப்பு மிகச் சொற்பம். எனக்கு இதைவிடத் தெளிவான பொறியியல் சாட்சி வேறு தெரியாது. ஆனால் அந்தச் சுவர் வாங்கிய விலையும் உண்டு: அதற்கு முன்னால் இருந்த மணற்கரையை அலைகள் அரித்துத் தின்றுவிட, பிற்பாடு வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்ட வேண்டியதாயிற்று.

இன்று ஊரை உயர்த்துவதைவிட வீட்டைத் தனித்தனியாகத் தூண்களில் ஏற்றுவதே அதிகம். அமெரிக்காவில் அலை அடிக்கும் மண்டலத்தில் புது வீடு என்றால் தூண்களில்தான் நிற்க வேண்டும். தூண்களுக்கு நடுவே கீழ்த்தளத்தில் சுவர் வைக்கலாம், ஆனால் அலை பட்டதும் அது பிய்த்துக்கொண்டு போகும்படி கட்ட வேண்டும். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அது பிய்ந்து போவதுதான் பாதுகாப்பு. உறுதியான சுவர் வைத்தால் அலையின் முழு விசையையும் வாங்கித் தூணுக்குக் கடத்தும், பிறகு மொத்த வீடும் சாயும். தூண் ஆழமாகவும் இறங்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் திரும்பிப் போகும்போது தூணைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். 2018இல் மைக்கேல் சூறாவளி ஃபுளோரிடாவின் மெக்சிகோ பீச்சைத் துடைத்து எடுத்தபோது, 40 அடி நீளத் தூண்களில் கட்டிய ஒரு வீடு கிட்டத்தட்ட அப்படியே நின்றது. கீழ்த்தளச் சுவர்கள் மட்டும் திட்டமிட்டபடி போயின.

பழைய வீடுகளுக்கு வேறொரு விதி. பழுதுபார்க்கும் செலவு, சேதத்துக்கு முன் வீட்டுக்கு இருந்த மதிப்பில் பாதியை எட்டினால், சும்மா பழுதுபார்த்துக் குடியேற முடியாது, இன்றைய வெள்ள விதிகளுக்கு ஏற்ப உயர்த்தியே ஆக வேண்டும். அறிவியலாகப் பார்த்தால் இது நியாயமான விதி. கையில் காசில்லாதவருக்கோ இது வீட்டை விட்டுப் போ என்று சொல்வதற்குச் சமம்.

பாலங்களிலும் உயரம்தான் பிரச்சினை, அதற்கு ஒரு சுவாரசியமான காரணம் உண்டு. நியூ ஆர்லியன்ஸுக்குப் பக்கத்தில் பான்சட்ரைன் ஏரியின் மேல் செல்லும் இரட்டைப் பாலத்தைக் கத்ரீனா கலைத்துப்போட்டது. பாலத்தின் கான்கிரீட் தளப்பலகைகள் பெரும்பாலும் தங்கள் எடையாலேயே தூண்களின் மேல் உட்கார்ந்திருந்தன. ஏரி ஏறியதும் உத்திரங்களுக்கு நடுவே காற்று மாட்டிக்கொண்டது, கவிழ்த்த பாத்திரத்தைத் தண்ணீரில் அமுக்கினால் மேலே தள்ளுமே, அதே மாதிரி. பலகையின் எடை பாதி போனதுபோல் ஆனதும், கீழிருந்து அலைகள் மோதிமோதி அதைத் தூக்கி நகர்த்தின. உடனடியாக, ஒரு பாலத்தின் நல்ல பலகைகளை எடுத்து மற்றதன் இடைவெளிகளில் பொருத்திப் போக்குவரத்தைத் திறந்தார்கள். அப்புறம் கட்டிய புதுப் பாலம் தண்ணீரிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் இருக்கிறது.

வீடும் பாலமும் நின்றால் போதாது, மின்சாரம் வேண்டும். சமதளமான கடற்கரை ஊரில் கழிவுநீர் தானாக ஓடாது, பம்பு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் கழிவறை இல்லை, கழிவறை இல்லாத ஊருக்கு யாரும் குழந்தைகளோடு திரும்ப மாட்டார்கள். 2017இல் வந்த மரியா சூறாவளிக்குப் பிறகு கரீபியன் தீவான போர்ட்டோ ரீக்கோ முழுவதும் மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனது.

இனி காசு. கத்ரீனாவுக்குப் பிறகு, நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தில் வீடு கட்ட உதவித்தொகை கொடுத்த ரோடு ஹோம் திட்டம், பழைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கிட்டது. ஒரே மாதிரி இரண்டு வீடு, இரண்டையும் சரிசெய்ய ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். வசதியான தெருவில் வீட்டின் மதிப்பு அதைவிட அதிகம், எனவே முழுச் செலவும் கணக்கில் வரும். கறுப்பின மக்கள் வாழும் தெருவில் அதே வீடு 60,000 டாலருக்குத்தான் போகும், கணக்கும் அங்கேயே நின்றுவிடும். மரத்துக்கும் ஆணிக்கும் கூலிக்கும் இரண்டு தெருவிலும் ஒரே விலைதான். வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2011இல் சமரசம் ஆனது. புயல் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, போன குடும்பங்களில் பலருக்கு வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் வேறு ஊரில் அமைந்துவிட்டன. 2000ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் நியூ ஆர்லியன்ஸில் இருந்தவர்கள் 4,84,674 பேர், 2020இல் 3,83,997 பேர்.