நிறுத்தி வச்ச விமான இன்ஜினுக்குள்ள தண்ணி எங்கிருந்து வருது?

போன மாசம் ஒரு இன்ஜினைப் பிரிச்சோம். சொந்தமா விமானம் கட்டுற ஒருத்தரோடது, லைகாமிங் கம்பெனியோட ஓ-320 இன்ஜின், ஓவர்ஹால் (பிரிச்சுப் புதுப்பிக்கிறது) முடிச்சு 60 மணி நேரம்கூட ஓடல. விமானம் கட்டி முடியட்டும்னு ஷெட்ல ஸ்டாண்ட்ல ஏத்தி, மேல தார்ப்பாய் போட்டு, அஞ்சு வருஷமா வச்சிருக்கார். வெளிய பாத்தா பெயிண்ட் பளபளன்னு இருக்கு, ஒரு போல்ட்ல கூட துரு இல்ல. ஆனா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி போர்ஸ்கோப்பை, அதாவது குழாய் முனைல இருக்கற சின்ன கேமராவை, உள்ள விட்டதும் சிலிண்டர் சுவத்துல பழுப்பு நிறத்துல ஒரு பட்டை, அதுக்குக் கீழ இன்னொன்னு. சரின்னு கிராங்க்கேஸை (இன்ஜினோட உடம்புக் கூடு) பிரிச்சு, வால்வைத் திறக்க வைக்கிற கேம்ஷாஃப்ட்டை வெளிய எடுத்தோம். அதுல புடைச்சிருக்கற லோப் மூக்குல மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்பு கருப்பா புள்ளி, நகத்தால வருடினா நகம் சிக்குது. அவ்வளவுதான், அந்த கேம் போச்சு, அது மேல உரசி வால்வைத் தள்ளுற டாப்பெட்டும் போச்சு.

அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. "சார், நான் சும்மா போட்டு வைக்கல, பழைய ப்ரொப்பெல்லரை மாட்டி வச்சு வாராவாரம் போய் நாலு சுத்து சுத்தி விடுவேனே, ஆயில் எல்லா இடத்துக்கும் போகட்டும்னு". இதை நான் கேக்குறது முதல் தடவை இல்ல, இன்ஜின் மேல பாசம் இருக்கறவங்கதான் இதைப் பண்றாங்க, அதனாலதான் இதை எழுதுறேன்.

கையால சுத்துறதால ஆயில் எங்கயும் போகாது. இந்த இன்ஜின்ல சிலிண்டர் சுவருக்கும் கேமுக்கும் ஆயில் கிடைக்கறது கிராங்க் (ப்ரொப்பெல்லரைச் சுத்துற தண்டு) வேகமா சுத்தும்போது தெறிக்கிற ஆயில்லதான், கை வேகத்துல எதுவும் தெறிக்காது. அதுக்கு பதிலா பிஸ்டன் ரிங் சுவத்துல ஒட்டிக்கிட்டிருந்த கொஞ்சநஞ்ச ஆயிலையும் வழிச்சு எடுத்துரும், டாப்பெட் கேம் மேல இருக்கறதை துடைச்சு விட்டுரும், கூடவே வெளிய இருக்கற ஈரக் காத்தை சிலிண்டர் உள்ள இழுத்து விட்டுரும். லைகாமிங்கே இதைப் பண்ணாதீங்க, நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம்னு தெளிவா எழுதியிருக்காங்க. அதுலயும் லைகாமிங்ல கேம்ஷாஃப்ட் கிராங்குக்கு மேல, கேஸோட உச்சியில இருக்கு, நிறுத்தினதும் ஆயில் வடிஞ்சு முதல்ல காஞ்சு போற இடம் அதுதான், கான்டினென்டல் கம்பெனி இன்ஜின்ல கேம் கீழ இருக்கறதால கொஞ்சம் தேவல.

சரி, தண்ணி எங்கிருந்து வருது? பாதி நாமளே உள்ள விடுறதுதான். 1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணி ஆவியா உண்டாகும், கேக்கறவங்க நம்ப மாட்டாங்க, ஆனா கணக்கு அதுதான். பெரும்பாலும் எக்ஸாஸ்ட்ல போயிடும், ஒரு சின்ன பங்கு ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள்ள இறங்கும். அதோட எரிஞ்ச வாயுவுல இருக்கற அமிலச் சமாச்சாரமும் சேந்து இறங்கும், 100எல்எல்ங்கற ஈயம் கலந்த விமான பெட்ரோல் போட்டா ஈயத்தோட சேத்த புரோமின் வேற. இன்ஜின் நல்லா சூடாகி பறந்தா அந்த ஆவி பிரீதர் (கிராங்க்கேஸ் வாயு வெளிய போற குழாய்) வழியா வெளிய போயிடும். தரையில பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினா? தண்ணியை உள்ள ஊத்தி மூடி போட்ட மாதிரிதான், அதனால மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான். லைகாமிங் எல் 180 சர்வீஸ் லெட்டர்ல 30 நாளைக்கு ஒரு தடவையாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்கணும், ஆயில் சூடு 74-ல இருந்து 93 டிகிரி செல்சியஸ்குள்ள இருக்கணும், தரையில ஓட்டுறது அதுக்கு ஈடாகாதுன்னு இருக்கு.

மீதி பாதி காத்துல இருந்து வருது. இன்ஜின் மூச்சு விடும், அதை யாரும் நினைக்கறதில்ல. பகல் சூடு ராத்திரி குளிர்னு மாறும்போது பிரீதர் வழியா, திறந்திருக்கற வால்வு வழியா காத்து உள்ள போயிட்டும் வந்துட்டும் இருக்கும். 30 டிகிரி சூடு, 70 சதவீத ஈரப்பதம் உள்ள காத்து 24 டிகிரிக்குக் கீழ இருக்கற எந்த இரும்பைத் தொட்டாலும் தண்ணியா மாறும். நூறு கிலோவுக்கு மேல கனம் உள்ள இன்ஜின் ராத்திரி குளிர்ந்தா விடிஞ்சதும் உடனே சூடாகாது, காத்து மட்டும் சூடாகிடும், சில்லுன்னு தண்ணி ஊத்தின டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குற மாதிரி கேம் வேர்க்கும். தார்ப்பாய் போட்டு மூடினா தூசிக்குதான் நல்லது, ஈரத்தை அது உள்ளயே பிடிச்சு வச்சிரும். குளிர் நாட்டுல சம்ப்புல (அடியில ஆயில் தேங்குற தொட்டி) ஹீட்டரை மாட்டி நாள்பூரா போட்டு வைக்கறவங்க இருக்காங்க, கீழ ஆயில் சூடாகி அதுல இருக்கற தண்ணி ஆவியாகி மேல சில்லுன்னு இருக்கற கேம்ல போய்ப் படியும், அது இன்னும் மோசம்.

அப்போ என்ன பண்ணணும்? நிறுத்துறதுக்கு முன்னாடியே பண்ணணும், நிறுத்தி ஆறு மாசம் கழிச்சு இல்ல. பழைய ஆயிலை வடிச்சிருங்க, அதுல அமிலம் இருக்கு. ஒரு பங்கு கெட்டியான துருத்தடுப்புக் கலவைக்கு மூணு பங்கு மினரல் ஆயில், இல்ல ஏரோஷெல் 2எஃப் மாதிரி கலந்தே வர்றது, அதை ஊத்தி ஆயில் 82 டிகிரிக்கு மேல சூடாகுற வரைக்கும் ஓட்டணும். சூடா இருக்கும்போதே, மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தர்றது) ஆஃப்ல இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, பிளக் வயரை எல்லாம் கழட்டிட்டு, மேல் ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே ஆயில் 60 மில்லி ஸ்பிரே பண்ணணும், கிராங்கை சுத்திக்கிட்டே ஒரு தடவை, அசைக்காம கடைசியா ஒரு தடவை. அதுக்கப்புறம் ப்ரொப்பெல்லரைத் தொடவே கூடாது, சுத்தாதீங்கன்னு ஒரு அட்டையை அதுலயே கட்டித் தொங்க விடுங்க. பிளக் இருந்த இடத்துல ஈரத்தை உறிஞ்சுற சிலிகா ஜெல் போட்ட டீஹைட்ரேட்டர் பிளக், எக்ஸாஸ்ட், இன்டேக், பிரீதர் எல்லாத்துக்கும் அடைப்பு. ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் வச்சிருக்கறவங்க, அதோட சிலிண்டர் அலுமினியம், துரு ஏறாதுதான், ஆனா கேமும் கிராங்கும் கியரும் ஸ்டீல்தான், அதோட மேனுவல்ல இருக்கற முறையைப் பாத்துப் பண்ணுங்க.

அடைப்புன்னதும் நான் பண்ண தப்பு ஒண்ணு சொல்லணும். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு இன்ஜினை இப்படி மூடி வச்சேன், பிரீதர் பைப் முனைல ரப்பர் கார்க் போட்டேன், எல்லாம் சரின்னு நினைச்சேன். ரெண்டே வாரத்துல நீலமா இருந்த சிலிகா ஜெல் ரோஸ் கலர் ஆயிடுச்சு, ஈரம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். மாத்தினேன், திரும்பவும் ரோஸ். அப்புறம்தான் விரலை வச்சுத் தடவிப் பாத்து கண்டுபிடிச்சேன், பிரீதர் பைப்புல மேல கவுலிங்குக்குள்ள (இன்ஜினை மூடுற உறை) ஒரு சின்ன வெட்டு இருக்கும், முனை பனில உறைஞ்சு அடைச்சா வாயு வெளிய போக வழி இருக்கணும்னு விட்டது, அதை நான் மூடவே இல்ல. இப்போ எந்த இன்ஜினா இருந்தாலும் அந்த வெட்டுக்குத்தான் முதல்ல டேப் ஒட்டுவேன்.

ஸ்டாண்ட்ல இருக்கற இன்ஜினை ஓட்ட முடியாதே, அவங்க என்ன பண்றது? சிலிண்டருக்கு ஸ்பிரேவும் டீஹைட்ரேட்டர் பிளக்கும் போடுங்க, கிராங்க்கேஸுக்கு மீன் தொட்டி ஏர் பம்ப் போதும். ஒரு கிலோ சிலிகா ஜெல் போட்ட ஜாடி வழியா காத்தை பிரீதர்ல விட்டு, ஆயில் ஊத்துற வாயில இருந்து குழாய் போட்டு திரும்ப பம்புக்கே கொண்டு வரணும். வெளிக்காத்தை இழுத்தீங்கன்னா ஜெல் ரெண்டு நாள்ல தீந்துரும். பம்ப் காத்து இழுக்குற வாய் பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும், அதுல குழாய் மாட்ட முடியாது, அதனால பம்பையே இறுக்கமா மூடுற டப்பாக்குள்ள வச்சு திரும்பி வர்ற குழாயை அந்த டப்பால விடுங்க. ஜாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு ஃபில்டர் கட்டாயம், ஜெல் தூள் மணல் மாதிரி, பேரிங்ல போனா துருவைவிட மோசம். டப்பாக்குள்ள ஒரு சின்ன ஈரப்பத மீட்டரையும் போட்டு வைங்க, 40 சதவீதத்துக்குக் கீழ இருந்தா ஸ்டீல்ல துரு ஏறாது. ரோஸ் ஆன ஜெல்லை 120 டிகிரில சில மணி நேரம் சூடு பண்ணா திரும்ப நீலமாயிடும், ஆனா நீல ஜெல்ல கோபால்ட் குளோரைடு இருக்கு, நல்ல விஷம், சமையல் அடுப்புல வைக்காதீங்க, கிளவுஸ் போட்டுக்கோங்க, முடிஞ்சா ஆரஞ்சுல இருந்து பச்சையா மாறுற வகையை வாங்குங்க.

இன்னும் இன்ஜினே வாங்காதவங்க, ரெக்கையும் பாடியும் முடியுற வரைக்கும் வாங்காதீங்க. சல்லிசா வருதேன்னு அஞ்சாறு வருஷம் முன்னாடியே வாங்கி வச்சதுங்கதான் என் மேஜைக்கு அதிகம் வருது.

திரும்ப ஓட்டுறப்போ அவசரப்படாதீங்க. கீழ் ஸ்பார்க் பிளக்கையும் கழட்டிட்டு கையால மெதுவா சுத்துங்க, இங்க மட்டும் சுத்தலாம், சுத்தியே ஆகணும், உள்ள தேங்கின ஆயில் கொட்டும். அதை விட்டுட்டு பிளக்கோட ஸ்டார்ட்டரை அமுக்கினா ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கொட்டி முடிச்சதும் பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டர்ல சுத்தி, கேஜ்ல ஆயில் பிரஷர் ஏறினதைக் கண்ணால பாத்துட்டு அப்புறம் பிளக்கை மாட்டுங்க. அடைப்பு மொத்தம் எத்தனை போட்டோம்னு ப்ரொப்பெல்லர்ல தொங்குற அட்டையில முதல் நாளே எழுதி வச்சிருங்க, கழட்டினதை மேஜைல வரிசையா வச்சு எண்ணிப் பாருங்க, பிரீதர் அடைப்பு ஒண்ணு மட்டும் மறந்து போச்சுன்னா கிராங்க்கேஸ்ல பிரஷர் ஏறி முன்பக்க ஆயில் சீல் பிச்சுக்கும், மொத்த ஆயிலும் அது வழியா வெளிய போயிடும்.