குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்று வலி: எது தானாக ஆறும், எதற்கு ஓடி வர வேண்டும்?

குடல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "டாக்டர், இன்னும் வயிறு வலிக்குது. இது சாதாரணம்தானா?" ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. "நேத்தைக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். மூன்றாம் நாள் நன்றாகவே வலிக்கிறது, ஆனால் நேற்றைவிடக் குறைவு என்றால் எனக்குப் பயமில்லை. ஐந்தாம் நாள் எழுந்து நடந்து இரண்டு இட்லி சாப்பிட்டவர், ஆறாம் நாள் "லேசா திரும்ப ஆரம்பிச்சிருக்கு" என்றால், அந்த 'லேசா'வை நம்பாமல் உடனே கிளம்பி வரச் சொல்வேன்.

எங்கள் வார்டுக்கு வருபவர்களில் சிலருக்கு டைபாய்டிலோ காசநோயிலோ குடல் ஓட்டையாகியிருக்கும். சிலருக்குக் குடலிறக்கத்தில் (ஹெர்னியா) சிக்கிய குடல் அழுகியிருக்கும். சிலருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். காரணம் எதுவானாலும் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான்: கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நல்ல முனைகளை இணைப்பது. இணைப்பது ஆபத்து என்று தோன்றினால், குடலின் வாயை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து பை மாட்டுவது.

கை பட்ட குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை வயிறு உப்பும், இறுக்கிப் பிடிக்கும், குமட்டும். அதனால்தான் ரவுண்ட்ஸில் முதல் கேள்வியே "காத்து பிரிஞ்சுதா?" என்பது. பாட்டிமார்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார்கள், பேரன்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். வெட்கப்பட வேண்டாம், அந்த ஒரு தகவலுக்காகத்தான் நாங்கள் காத்திருக்கிறோம்.

முன்பெல்லாம் காற்று பிரியும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டார். திட்டமிட்டுச் செய்த ஆபரேஷன் என்றால், இன்று பல இடங்களில் மறுநாளே கொஞ்சம் கொஞ்சமாக நீராகாரம் கொடுத்து, கட்டிலை விட்டு இறக்கி நடக்க வைக்கிறோம். சூயிங்கம் மெல்லச் சொன்னால் சிரிக்கிறார்கள். மெல்லும்போது சாப்பாடு வருகிறது என்று குடலுக்குத் தகவல் போகிறது. பெரிய பலன் என்று சொல்ல முடியாது, ஆனால் செலவு மிகக் குறைவு. ட்ரமடால், மார்ஃபின் வகை மருந்துகள் வலியைக் கேட்கும், ஆனால் குடலை இன்னும் மந்தமாக்கும். அதனால் பாரசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டு, அதற்கும் அடங்காத வலிக்குத்தான் அவற்றைத் தொடுகிறோம்.

லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாக ஆபரேஷன், செய்துகொண்டவர்களுக்குத் தோள்பட்டை வலிக்கும். "வயித்துலதானே கை வச்சீங்க, தோள் ஏன் வலிக்குது?" என்பது நியாயமான சந்தேகம். வயிற்றுக்குள் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது, அதன் நரம்பின் வலி தோளில் தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். போன தோள் வலி காய்ச்சலோடு திரும்பி வந்தால் அது வேறு கதை.

ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும், மூன்று பந்து உள்ள அந்த பிளாஸ்டிக் கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்தில் ஏழெட்டுப் பேர் அதைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டிருப்பார்கள், பந்து அசையாது, கருவி ரிப்பேர் என்று ஓரம் வைத்துவிடுவார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும். வலிக்குப் பயந்து மூச்சை ஆழமாக இழுக்காமலும் இருமாமலும் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். இருமும்போது ஒரு தலையணையைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமுங்கள். தையல் பிரிந்துவிடாது.

எனக்குத் தூக்கம் கெடுப்பது இணைத்த இடத்தில் வரும் கசிவு. பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் தலைகாட்டும். சில நேரம் இன்னும் தள்ளியும் வரும். இப்போது பலரை நான்கைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், ஆக அது முதலில் தெரிவது உங்கள் வீட்டுக் கட்டிலில்தான். வலி அதிகமாகும், வயிறு விறைக்கும், காய்ச்சல் வரும் என்பது புத்தகத்தில் உள்ளது. நடைமுறையில் அதற்கு முன்பே நாடி ஏறும். படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 100க்கு மேல் துடித்து, இறங்காமல் நின்றால் காத்திருக்கக் கூடாது. கொரோனா சமயத்தில் வாங்கி அலமாரியில் போட்ட ஆக்ஸிமீட்டர் இருந்தால் எடுத்து விரலில் மாட்டுங்கள், ஆக்சிஜனோடு நாடித்துடிப்பையும் அது காட்டும். விடாத விக்கல், மூச்சு வாங்குதல், நேற்று பசித்தவருக்கு இன்று சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, மூத்திரம் குறைவது, ஆள் பேச்சில்லாமல் ஒரு மாதிரி சோர்ந்து கிடப்பது, இவையும் அதே கணக்குத்தான். சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு உள்ளே பெரிய கசிவு இருந்தாலும் வலி பெரிதாகத் தெரியாமல் போகலாம். "என்னமோ சரியில்ல டாக்டர், அவர் அவராவே இல்ல" என்று மனைவி சொன்னால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கத் தயங்க மாட்டேன்.

இந்த நேரத்தில் தெருமுனை கிளினிக்கில் ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்வதுதான் நம் ஊரில் வழக்கம். எனக்கு இதில் கோபமே வரும். ஊசி காய்ச்சலையும் இறக்கும், வலியையும் மட்டுப்படுத்தும், ஆளும் அன்றிரவு தூங்குவார். உள்ளே கசிவது நிற்காது. உடம்பில் நீர் வற்றியிருந்தால் அதே ஊசி சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஒரு போன் செய்யாமல் வலி ஊசி போடாதீர்கள்.

அடுத்த வகை வலி மாதங்கள், வருடங்கள் கழித்து வருவது. வயிற்றைத் திறந்து மூடிய பிறகு குடல்களுக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி நார்கள் உருவாகி ஒட்டிக்கொள்ளும். இது புண் ஆறும் முறையிலேயே நடப்பது, நீங்கள் எதையோ தூக்கியதாலோ சாப்பிட்டதாலோ வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொல்லையும் தராது. சிலருக்கு மட்டும் குடல் அதில் மடங்கி அடைத்துக்கொள்ளும். காசநோய்ச் சுருக்கத்துக்காகக் குடலில் ஒரு துண்டு எடுக்கப்பட்ட ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வந்தார், ஆபரேஷன் நடந்து வருடங்கள் ஆகியிருந்தன. பொங்கலுக்கு வந்த பனங்கிழங்கை ஆசையாகத் தின்றிருக்கிறார். ராத்திரி வயிறு முறுக்கிப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. வாயு என்று கோலி சோடா குடித்தார். பக்கத்து வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். மறுநாள் தொக்கம் எடுத்தார்கள், எண்ணெய் போட்டு வயிற்றை வழித்தார்கள். எங்களிடம் வந்தபோது பச்சையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், வயிறு பானையாக இருந்தது. நாக்கு மரப்பட்டை மாதிரி காய்ந்திருந்தது.

அவருக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் விட்டோம், அழுக்குப் பச்சை நீர் பாட்டில் கணக்கில் வந்தது. டிரிப் ஏற்றி, சி.டி. ஸ்கேனில் குடல் அழுகவில்லை என்று உறுதி செய்துகொண்டு காத்திருந்தோம், அடைப்பு விட்டது. ஒட்டுதலால் வரும் அடைப்பில் பலருக்கு இப்படி இரண்டு மூன்று நாளில் தானாகத் திறந்துகொள்கிறது, நேரத்துக்கு வந்தால். எனவே அலை அலையாக முறுக்கும் வலி, வாந்தி, உப்பிய வயிறு, மலமும் காற்றும் நின்றுபோவது ஆகியவை சேர்ந்தால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வாருங்கள். பேதி மருந்து, எனிமா, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம், அடைத்த குடலைத் தள்ளி விரட்டினால் கிழியும். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறினால், அதோடு காய்ச்சலும் சேர்ந்தால், குடலுக்கு ரத்த ஓட்டம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 108ஐக் கூப்பிடுவதுதான் சரி, விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

பனங்கிழங்கு, பலாச்சுளை, முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சு தோல்நார், தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம், காளான் எல்லாம் குடல் குறுகிய இடத்தில் சிக்கக்கூடியவை. முதல் ஆறு வாரம் தள்ளி வையுங்கள். அதற்குப் பிறகு கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிடலாம். சுருக்கமோ அடிக்கடி அடைப்போ இருப்பவர்கள் தொடர்ந்து கவனமாக இருப்பது நல்லது.

பத்தியம் என்ற பெயரில் நடப்பது வேறு. முட்டை சீழ் பிடிக்க வைக்கும், மீன் ஆகாது, பருப்பு வாயு, தயிர் குளிர்ச்சி என்று எல்லாவற்றையும் நிறுத்தி, ரசம் சாதத்தில் ஒரு மாதம் ஓட்டுவார்கள். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டையும் மீனும் பருப்பும் இல்லாமல் தையல் எதைக் கொண்டு ஆறும்? மாமியார்கள் என்னிடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள், நானும் விட்டுக்கொடுத்ததில்லை.

வயிற்றில் பை வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும், அதுவும் சிறுகுடலை வெளியே கொண்டுவந்தவர்களுக்கு. பெருங்குடல் உறிஞ்ச வேண்டிய நீரும் உப்பும் நேராகப் பைக்கு வந்துவிடும். அதில் ஒவ்வொரு லிட்டரோடும் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு போகிறது. நாளுக்கு ஒரு லிட்டருக்குள் என்றால் சமாளிக்கலாம், ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பு வற்றத் தொடங்கும். ஒரு அம்மாவை மகன் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார். எழுந்தால் தலை சுற்றல், கெண்டைக்காலில் பிடிப்பு, சொட்டுச் சொட்டாக மூத்திரம். "தண்ணி நிறைய குடிக்கிறாங்க சார், தினம் இளநீரும் தர்றோம்" என்றார். அதில்தான் சிக்கலே இருந்தது. வெறும் தண்ணீர் குடிக்கக் குடிக்கப் பையில் இன்னும் அதிகமாக ஓடும், கூடவே உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு.

இவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். வேண்டும், பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் கரைத்து. கடையில் டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகாது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பெயரில் ஒரு கரைசல் உண்டு: 1 லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். உங்கள் மருத்துவர் சரி என்றால் வீட்டிலேயே கலக்கலாம். பி.பி.க்காக உப்பைக் குறைத்தவர்கள், நீர் பிரியும் மாத்திரையோ சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோ சாப்பிடுபவர்கள், பையில் அதிகம் ஓடினால் அதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த மாத்திரைகளைச் சில நாள் நிறுத்த வேண்டியிருக்கலாம். பையில் ஓட்டத்தைக் குறைக்க லோப்பரமைடு உண்டு, அதையும் கேட்டுத்தான் போட வேண்டும். தோல் எரிகிறது என்றால் பையின் ஓட்டை பெரிதாக வெட்டப்பட்டிருக்கும், குடல் வாயைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டினால் போதும். குடல் வாய் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கறுத்தாலும், சில மணி நேரமாக ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கினாலும் அன்றே வாருங்கள்.

தையல் இடம் இருமினால் புடைக்கிறது என்றால் குடலிறக்கமாக இருக்கலாம், முதல் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் பக்கம் போகாதீர்கள். புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி வலித்தால் அவசரம். சிறுகுடலின் கடைசிப் பகுதி எடுக்கப்பட்டவர்களுக்குப் பித்தநீர் பெருங்குடலுக்குள் இறங்கித் தண்ணீராகப் போகலாம், அதற்கு மருந்து உண்டு. அந்தப் பகுதியில் அதிகம் போயிருந்தால் பி12 ஊசி காலத்துக்கும் தேவைப்படலாம்.

அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரி. அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகாமல் போனில் போட்டோ எடுத்து வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்புங்கள். குடலில் எந்தப் பகுதி, எவ்வளவு எடுத்தார்கள், எங்கே இணைத்தார்கள் என்று அதில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே எழுதித் தரச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு வேறு ஊரில், உங்களைப் பார்த்தே இராத ஒரு டியூட்டி டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.