மிச்சிகன்ல வீடு வாங்குறீங்களா? பழைய ஓனர் கட்டுன வரியை நம்பாதீங்க

ஓக்லண்ட் கவுன்ட்டில, அதாவது ட்ராய், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் வீடு பார்க்குற நம்ம ஆளுங்க ஜில்லோ வெப்சைட்டைத் திறந்து விலை, பெட்ரூம், ஸ்கூல் ரேட்டிங் எல்லாம் பார்த்துட்டு, கீழ வருஷ டேக்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும்ல, அதை அப்படியே எக்ஸெல்ல போட்டு மாசத்துக்கு இவ்வளவுதான்னு முடிவு பண்ணிடுறாங்க. அது உங்க டேக்ஸ் இல்லங்க. விக்கிறவர் கட்டுறது. நீங்க வாங்குனப்புறம் அது அப்படியே இருக்காது. செல்லர் டிஸ்க்ளோஷர் ஃபார்ம்ல இதைப் பத்தி ரெண்டு லைன் இருக்கு, ஆனா வீடு கை நழுவிடுமோன்னு பயந்துக்கிட்டு கையெழுத்து போடுறப்ப அதை யார் படிக்கிறா.

விஷயம் சிம்பிள். 1994ல வந்த ப்ரொபோசல் ஏ படி ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு மதிப்பு. ஒண்ணு எஸ்.இ.வி., இது மார்க்கெட் விலைல பாதி. இன்னொண்ணு டேக்ஸபிள் வேல்யூ, வரி போடுறது இதுமேலதான், இது வருஷத்துக்கு விலைவாசி ஏறுன அளவு இல்லன்னா 5 சதவீதம், ரெண்டுல எது கம்மியோ அவ்வளவுதான் ஏறலாம். வீடு கை மாறுச்சுன்னா அந்த வரம்புங்கற மூடி கழண்டுடும், அடுத்த வருஷம் டேக்ஸபிள் வேல்யூ ஒரே தாவுல எஸ்.இ.வி. கிட்ட போயி நிக்கும். இதைத்தான் பாப்-அப் டேக்ஸ்ங்கறாங்க.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 20 வருஷமா ஒரே ஓனர் இருந்த வீடு, டேக்ஸபிள் வேல்யூ 110,000, எஸ்.இ.வி. 210,000, மில்லேஜ் (மதிப்புல ஆயிரம் டாலருக்கு இத்தனை டாலர் வரிங்கற கணக்கு) 36ன்னு வைங்க. பழைய ஓனர் கட்டுனது 3,960 டாலர். உங்களுக்கு வர்றது 7,560. நீங்க லோன் வாங்குறப்ப பேங்க் பெரும்பாலும் பழைய பில்லை வெச்சுதான் எஸ்க்ரோ (வரி கட்டுறதுக்காக லோன் தவணையோட மாசாமாசம் வாங்கி வெக்கிற பணம்) போடும், அதனால முதல் வருஷம் எல்லாம் நல்லா போற மாதிரியே தெரியும், அப்புறம் ஒருநாள் எஸ்க்ரோ ஷார்ட்டேஜ்னு ஒரு லெட்டர் வரும். விட்டுப்போன 3,600ஐ 12 மாசமாப் பிரிச்சா 300, இனிமே வரப்போற கூடுதல் இன்னொரு 300, ஆக மாசம் 600 டாலர் ஏறும். குழந்தைக்கு டேகேர் சேர்த்த மாசமாப் பார்த்து இந்த லெட்டர் வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வாங்குறதுக்கு முன்னாடியே எஸ்.இ.வி.யை அந்த ஊர் மில்லேஜால பெருக்கிப் பாருங்க, அதுதான் உங்க டேக்ஸ். மில்லேஜ் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டைப் பொறுத்தும் மாறும், நோவை அட்ரஸ்னா நோவை ஸ்கூல்னு நினைச்சுடாதீங்க, நார்த்வில், வால்ட் லேக், சவுத் லயன் டிஸ்ட்ரிக்ட்டுல விழுற வீடுங்களும் நோவைக்குள்ள இருக்கு.

அடுத்தது பி.ஆர்.இ., நீங்களே குடியிருக்குற வீட்டுக்குக் கிடைக்கிற விலக்கு. 18 மில் வரைக்கும் குறையும், மேல சொன்ன வீட்டுக்கு அது வருஷம் 3,780 டாலர். இது தானா வராது! பழைய ஓனருக்கு இருந்துச்சு அதனால எனக்கும் இருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்ல, நீங்க ஃபார்ம் 2368 போடணும். க்ளோசிங்ல, அதாவது வீடு கை மாறுற அன்னைக்கு, கையெழுத்து வாங்குன கட்டுல அது இருக்கலாம், பத்திர வேலை பார்க்குற டைட்டில் கம்பெனி அனுப்பிடுறோம்னும் சொல்லலாம், ஆனா போய்ச் சேரலன்னா நஷ்டம் அவங்களுக்கு இல்ல. ஜூன் 1க்குள்ள போட்டா சம்மர் பில்லுல இருந்து, நவம்பர் 1க்குள்ள போட்டா வின்டர் பில்லுல இருந்து குறையும்.

எங்க கொடுக்கணுங்கறதுலதான் அலைய விடுவாங்க. கவுன்ட்டி ஆபீஸ் இல்ல, மாநிலத் தலைநகர் லான்சிங் இல்ல, உங்க சிட்டி அல்லது டவுன்ஷிப்போட அசெசர், அதாவது வீட்டு மதிப்பைக் கணக்கு போடுறவர்கிட்ட. தபால் அட்ரஸை நம்பாதீங்க. ப்ளூம்ஃபீல்ட் ஹில்ஸ்னு அட்ரஸ் இருக்கும், வீடு இருக்குறது ப்ளூம்ஃபீல்ட் டவுன்ஷிப்புல. நார்த்வில் சிட்டியே பாதி ஓக்லண்ட் கவுன்ட்டி, பாதி வெய்ன் கவுன்ட்டி, அதுக்குப் பக்கத்துல தனியா ஒரு நார்த்வில் டவுன்ஷிப். தப்பான ஆபீஸுக்குப் போன ஃபார்ம் யார் மேஜைலயோ தூங்கும், உங்களுக்குத் தகவல் வராது. அதனால டேக்ஸ் பில்லுல எந்த ஊர் பேர் போட்டிருக்குன்னு பார்த்துட்டு, நேர்ல கொடுத்து, தேதி முத்திரையோட ஒரு காப்பி கையில வாங்கிடுங்க.

தேதி தவறிப்போச்சா? கவுன்டர்ல "அடுத்த வருஷத்துக்குப் போட்டுக்கோங்க"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. கேட்டுக்கிட்டு வராதீங்க. ஜூலை, டிசம்பர்ல கூடுற போர்டு ஆஃப் ரிவ்யூல (உங்க ஊர்ல வரி முறையீட்டைக் கேக்குற குழு) இந்த வருஷத்துக்கும், முந்தின 3 வருஷத்துக்கும் சேர்த்தே கேக்கலாம், நீங்க அப்ப அங்க ஓனரா குடியிருந்தீங்கன்னு டிரைவிங் லைசன்ஸ், கரன்ட் பில், வருமான வரி ரிட்டர்ன் காட்டுனா போதும். கவுன்டர்ல இருக்குறவங்க கெட்டவங்கன்னு சொல்லல, ஆனா நீங்க கேக்காத உரிமையை அவங்களா எடுத்துச் சொல்ற வழக்கம் எந்த ஆபீஸ்லயும் இல்ல.

இது போக ப்ராப்பர்ட்டி டிரான்ஸ்ஃபர் அஃபிடவிட், ஃபார்ம் 2766, வாங்குன 45 நாளுக்குள்ள அதே அசெசர்கிட்ட. லேட்டானா நாளுக்கு 5 டாலர், 200 வரைக்கும். இதைப் போடாம இருந்தா மூடி கழலாதுன்னு சில பேர் ஐடியா சொல்வாங்க. அதெல்லாம் கழலும், பின்னாடி கண்டுபிடிச்சு பழைய வருஷங்களுக்கும் வட்டியோட சேர்த்து வாங்குவாங்க.

இப்ப முக்கியமான இடம். வாங்குன அடுத்த வருஷம் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாக்குல ஒரு நோட்டீஸ் வரும், மேல "இது டேக்ஸ் பில் அல்ல"ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். பில் இல்லயேன்னு குப்பைல போட்டுடுறாங்க. உங்க எஸ்.இ.வி. எவ்வளவுன்னு சொல்றது அந்தக் காகிதந்தான், அதை எதிர்த்துப் பேச மார்ச் போர்டு ஆஃப் ரிவ்யூ மட்டுந்தான் வழி. ஜூலைல வாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஜூலை போர்டு மதிப்பைப் பத்திப் பேசாது, எழுத்துப் பிழை, பி.ஆர்.இ. மாதிரி விஷயம் மட்டுந்தான். மார்ச்சுல போகலன்னா அடுத்த கட்டமா மாநில அளவுல வரி வழக்கைக் கேக்குற டேக்ஸ் ட்ரிப்யூனலுக்கும் போக முடியாது. போயி அவங்க ஒத்துக்கலன்னா ஜூலை 31க்குள்ள ட்ரிப்யூனல்ல ஸ்மால் க்ளெய்ம்ஸ்ங்கற சின்ன வழக்குப் பிரிவுல போடலாம், பி.ஆர்.இ. 50 சதவீதமாவது இருக்குற வீட்டுக்கு ஃபீஸ் கிடையாது.

முதல் வருஷத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு 8 வருஷம் கழிச்சுப் போனீங்கன்னா எஸ்.இ.வி. 260,000, டேக்ஸபிள் வேல்யூ 220,000ன்னு இருக்கும், நீங்க சண்டை போட்டு எஸ்.இ.வி.யை 240,000க்கு இறக்குனாலும் டேக்ஸ் ஒரு டாலர் குறையாது. ரெண்டும் ஒண்ணா நிக்கிற அந்த முதல் வருஷத்துல குறைச்சா, அதுக்கப்புறம் ஏறுறதெல்லாம் அந்தக் குறைஞ்ச நம்பர்ல இருந்துதான் ஏறும்.

போறதுக்கு முன்னாடி அசெசர்கிட்ட ப்ராப்பர்ட்டி ரெக்கார்ட் கார்டு கேட்டு வாங்குங்க. நீங்க குடியிருக்குற வீட்டைப் பத்தி அவங்க என்ன எழுதி வெச்சிருக்காங்கன்னு அதுல இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட கார்டுல பேஸ்மென்ட் முழுக்க ஃபினிஷ் பண்ணதுன்னு இருந்துச்சு, கீழ இறங்கிப் பார்த்தா வெறும் சிமென்ட் தரை, ஒரு ஃபர்னஸ், சம்ப் பம்ப், பழைய ஓனர் விட்டுட்டுப் போன பெயின்ட் டப்பா. பாத்ரூமும் ஒண்ணு கூடுதலா எழுதியிருந்தாங்க. இந்த மாதிரி தப்பைப் போட்டோவோட காட்டுனா வாக்குவாதமே தேவைப்படாது. சதுர அடி, பாத்ரூம், பேஸ்மென்ட், கராஜ், வீட்டோட கண்டிஷன் இதெல்லாம் ஒவ்வொண்ணா ஒத்துப் பாருங்க.

போர்டுல உங்களுக்குக் கிடைக்கிறது சில நிமிஷம். "டேக்ஸ் ரொம்ப ஜாஸ்தி, கட்ட முடியல"ன்னு பேசாதீங்க, வரி விகிதம் அவங்க கையில இல்ல. மதிப்பு தப்புன்னு மட்டும் பேசுங்க. பக்கத்துல அதே சைஸ், அதே வயசு வீடுங்க என்ன விலைக்குப் போச்சுன்னு ஒரு மூணு நாலு எடுத்துட்டுப் போங்க, முந்தின டிசம்பர் 31க்கு முன்னாடி வித்ததா இருக்கணும், போன வாரம் வித்த வீட்டைக் காட்டுனா தள்ளிடுவாங்க. நீங்க கொடுத்த விலைல பாதியைவிட எஸ்.இ.வி. கம்மியா இருந்தா மட்டும் வாயைத் திறக்காம வீட்லயே இருங்க. சில ஊர்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கணும், சில ஊர்ல லெட்டர் போதும், நோட்டீஸ்லயே இருக்கும்.

வேலை மாறி டெக்சஸ் போறவங்களுக்கு ஒண்ணு. இங்க வீட்டை வாடகைக்கு விட்டுட்டு பி.ஆர்.இ.யை அப்படியே விட்டுட்டுப் போறாங்க, அங்க போயி இன்னொரு வீடு வாங்கி அந்த ஊர் ஹோம்ஸ்டெட் விலக்கும் எடுத்துக்குறாங்க. இது மாட்டும். முந்தின 3 வருஷம் வரைக்கும் ரத்து பண்ணி, மாசம் 1.25 சதவீத வட்டியோட கேப்பாங்க. குடி மாறுன 90 நாளுக்குள்ள ஃபார்ம் 2602 போட்டு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுங்க. மிச்சிகனுக்குள்ளயே வேற வீட்டுக்குக் குடி மாறி அதுக்கு பி.ஆர்.இ. எடுத்தவங்க, பழைய வீடு விக்கப் போட்டு, காலியா, யாருக்கும் வாடகைக்கு விடாம இருந்தா மட்டும் அதுக்கும் ஃபார்ம் 4640 போட்டு 3 வருஷம் வரைக்கும் வெச்சுக்கலாம், ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31க்குள்ள திரும்ப உறுதி பண்ணணும்.

கடைசியா வரி பாக்கி. பேங்க் உங்க லோனை வேற பேங்குக்கு வித்துடும், நடுவுல ஒரு பில் யாரும் கட்டாம விட்டுப்போகும். மார்ச் 1 தாண்டுனா அது கவுன்ட்டி ட்ரெஷரர்கிட்ட போயிடும், 4 சதவீத கட்டணம், மாசம் 1 சதவீத வட்டி, மூணாவது வருஷம் வீடே போயிடும். இதே ஓக்லண்ட் கவுன்ட்டில, சவுத்ஃபீல்ட்ல, 8 டாலர் 41 சென்ட் குறைவாக் கட்டுனதுக்கு ஒரு வீட்டை எடுத்து 24,500 டாலருக்கு வித்து மிச்சத்தையும் கவுன்ட்டியே வெச்சுக்கிச்சு. 2020ல ரஃபேலி வழக்குல மிச்சிகன் சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொன்னப்புறந்தான் மிச்சப் பணம் ஓனருக்குன்னு ஆச்சு, அதுவும் தானா வராது, அந்த வருஷம் ஜூலை 1க்குள்ள ஃபார்ம் 5743 போடணும். அதனால எஸ்க்ரோ இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க, சம்மர் பில்லுக்கு செப்டம்பர்லயும் வின்டர் பில்லுக்கு பிப்ரவரிலயும் சிட்டி வெப்சைட்ல பார்சல் நம்பரைப் போட்டு பாக்கி ஜீரோவான்னு பாருங்க, சென்ட் கணக்குல நின்னாலும் அன்னைக்கே கட்டி ரசீதை எடுத்து வெச்சுக்குங்க.